கத்திரிப்பூ நிறக் கவரால்

கிழிசலைப் பார்த்தே ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். முட்டியில் துணி நைந்து, இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் சாயம் போயிருந்தால் தரையில் உருண்டு ஆடுகிற பிரேக்கிங் பையன். சட்டையில் காலருக்கு நான்கு விரல் கீழே, தோள்பட்டையை ஒட்டித் தேய்ந்திருந்தால் அவன் விண்ட்மில் போடுகிறவன்; முதுகும் தோளும் தரையில் உருள, விரித்த கால்கள் காற்றில் சுழல்கிற அடி அது. கம்பளிக் குல்லாயின் உச்சியில் ஓட்டை என்றால் தலையால் நின்று சுற்றுகிறவன். அக்குளில் மட்டும் தையல் விட்டிருந்தால் தரைக்கே போகாமல் நின்று ஆடுகிற ஹிப்ஹாப்காரன். ஒரு கிழிசலும் இல்லை, இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை, ஆனாலும் தொடையில் இன்னும் இரண்டு இன்ச் விடச் சொல்லி ஒருவன் வந்து நின்றால் அவன் பாப்பிங் ஆடுகிறவன். தசையை வெட்டி வெட்டி இழுத்து உடம்பை அதிரவைக்கிற ஆட்டம். துணி தளர்வாக இருந்தால்தான் அந்த அதிர்வு தள்ளி நிற்பவன் கண்ணுக்கும் எட்டும். துபாய் சத்வாவில் தையல் கடையில் வேலை பார்த்த காலத்தில் இதெல்லாம் தெரிந்துகொண்டேன். நான் ஆடினவன் இல்லை. ஆடினவர்களின் துணி என் மேசைக்கு வந்தது, அவ்வளவுதான்.

சத்வா என்றால் அன்றைக்குத் தையல் கடைகள்தான். அல் தியாஃபா என்று பெயர் இருந்து பிறகு டிசம்பர் 2 தெரு ஆகிவிட்ட அந்தப் பெரிய வீதிக்குப் பின்னால், சந்துக்குச் சந்து மிஷின் சத்தம். அரபி வீட்டுக் கல்யாண உடுப்பு, ஹோட்டல் யூனிஃபார்ம், பிலிப்பினோப் பெண்களின் நிகழ்ச்சி கவுன், ஊரிலிருந்து பார்சலில் வந்த பேண்டை இடுப்புப் பிடித்துக் கொடுப்பது என்று எல்லாம் வரும். அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழன் ராத்திரி கடையில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில்தான் ஆட்டக்காரப் பையன்கள் கலந்து வருவார்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் கிழிந்த பேண்ட்.

முதலில் வந்தவர்கள் கபாயன்கள். கல்ஃபில் பிலிப்பினோக்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பகலில் பர்கர் கடையிலோ துணிக்கடையிலோ நிற்பவர்கள், ராத்திரியில் கட்டட வாசல்களில் ஆடுவார்கள். என்னை "குயா" என்பார்கள், அவர்கள் வழக்கில் அண்ணன். 2006-இல் பிலிப்பைன் ஆல்ஸ்டார்ஸ் குழு அமெரிக்காவில் உலக ஹிப்ஹாப் போட்டியில் ஜெயித்த பிறகு இவர்கள் நடையே மாறிப்போனது. ஒருவன் சட்டை தைக்கக் கொடுத்தால் அதே துணியில் அதே வெட்டில் அவன் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் வேண்டும்.

தொளதொளப்பு எனக்குப் புதிது இல்லை. பரமக்குடியில் தாய்மாமன் கடையில் காஜா எடுத்துப் பழகிக்கொண்டிருந்த வயதில், 1993-இல், 'ஜென்டில்மேன்' படத்தில் பிரபுதேவா ஒரே ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போனார். மறு வருஷம் 'காதலன்', அதில் 'முக்காலா' பாட்டு. அதற்குப் பிறகு துணி எடுத்து வருகிற பையன்கள் அளவு கொடுப்பதை விட்டுவிட்டார்கள். "முக்காலா பேண்ட் மாமா" என்பார்கள், அதுதான் அளவு. மாமா இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி திட்டுவார்: "ரெண்டு பேருக்கு ஆகுற துணிய ஒருத்தனே போட்டுக்கிட்டா இன்னொருத்தன் என்னத்தடா கட்டுறது?" திட்டிக்கொண்டே வெட்டுவார். இடுப்பில் பிளீட்டுகள், தொடையில் அகலம், கீழே பாட்டம் மட்டும் குறுக்கல்.

அந்தக் குறுக்கலுக்குக் காரணம் இருக்கிறது என்பது மாமாவுக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான். தொடை அகலமாக இருந்தால் கால் தடையில்லாமல் ஏறும். பாட்டமும் அகலமாக இருந்தால் துணி ஷூவின் மேல் விழுந்து பாத வேலை மறைந்துபோகும். 1983-இல் மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சியில் முதன்முதலாக மூன்வாக் போட்டபோது பேண்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றது, உள்ளே பளிச்சென்று சாக்ஸ், கீழே கறுப்பு ஷூ. பார்ப்பவன் கண்ணைக் காலுக்கு இழுக்கிற ஏற்பாடு. அவர் கடைசிக் காலத்தில் சில மாதங்கள் எங்கள் பக்கத்து பஹ்ரைனில் வந்து தங்கியிருந்தார். 2006 தொடக்கத்தில் பெண்கள் போடுகிற கறுப்பு அபாயாவைப் போர்த்திக்கொண்டு மனாமாவில் கடைக்குப் போனார் என்று பத்திரிகைகள் படம் போட்டன. உடுப்பாலேயே உலகம் அடையாளம் கண்டுகொண்ட மனிதர் ஒளிந்துகொள்ளவும் ஓர் உடுப்பைத்தான் தேட வேண்டியிருந்தது. கடையில் ஒரு வாரம் இதே பேச்சு.

சத்வாவில் என் பக்கத்து மிஷின் பெஷாவர்க்கார உஸ்தாத்துடையது. எங்களைவிட மூத்தவர், சல்வார் கமீஸ் தைப்பதில் மன்னன், பேச்சில் சிக்கனம். கபாயன்கள் கொண்டுவரும் பேண்டெல்லாம் ஒரே இடத்தில் கிழிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கால் சேருகிற கவட்டை. ரெடிமேட் பேண்டில் நான்கு தையல் அங்கே ஒரு புள்ளியில் வந்து முட்டும். காலை விரித்தால் மொத்த இழுப்பும் அந்தப் புள்ளிக்கு வரும். நான் அதை இரட்டைத் தையல் போட்டுக் கொடுப்பேன், அடுத்த வாரம் தையலுக்குப் பக்கத்தில் துணி கிழிந்து வரும். ஒருநாள் உஸ்தாத் என் கையிலிருந்து பேண்டைப் பிடுங்கி அந்த இடத்தையே வெட்டி எடுத்தார். வைரக்கல் வடிவத்தில் ஒரு துண்டு வெட்டி அங்கே வைத்துப் பொருத்தினார். நான்கு தையலும் இப்போது ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இழுப்பு நான்கு திசைக்குப் பிரிந்துபோனது. சல்வாரில் மியானி என்று அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து வைக்கிற துண்டுதான்.

அந்தப் பேண்டைப் போட்டுப் பார்த்த பையன் கடைக்குள்ளேயே காலைப் பிளந்து உட்கார்ந்து காட்டினான். கபாயன்கள் மத்தியில் செய்தி பரவ அதற்கு மேல் என்ன வேண்டும்? கராமாவிலிருந்தும் ரிக்காவிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. ஒருவன் தன் போனில் எம்.சி. ஹேமரின் 1990-ஆம் வருஷத்துப் பாட்டைக் காட்டினான். தொடை பலூனாக உப்பி, கவட்டை முட்டிக்கு இறங்கிய பேண்ட். உஸ்தாத் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது எங்க சல்வார். இதை வச்சா இந்த ஆளு பேர் வாங்கினான்?" என்று உருதுவில் கேட்டுவிட்டு மிஷினை மிதிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் வெறும் பெருமை மட்டும் இல்லை. ஈத் அன்று ஷார்ஜாவில் மணல் பொட்டலில் அவர் ஊர்ப் பட்டாணியர்கள் தங்கள் அத்தன் ஆட்டம் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். மேளம் அடிக்க அடிக்க வட்டமாக நின்று சுழல்வார்கள், வேகம் கூடிக்கொண்டே போகும். லாரி டிரைவர்களும் மேஸ்திரிகளும்தான். கஞ்சி போட்ட புதுச் சல்வார் கமீஸ். சுழலும்போது கமீஸின் கீழ்ப்பக்கம் விரிந்து எழும்பும், நின்ற நொடியில் உடம்பைச் சுற்றிக்கொண்டு அடங்கும். பாப்பிங் பையன் என்னிடம் இரண்டு இன்ச் கூடுதலாகக் கேட்டது எதற்கோ அதேதான் இங்கேயும் நடந்தது. இவர்களை யாரும் தெரு நடனக்காரர்கள் என்று சொல்வதில்லை. தெருவில் ஆடியவர்கள் என்று பார்த்தால் அந்தப் பெயருக்கு முதல் உரிமை இவர்களுக்குத்தான் என்பேன்.

கபாயன்களும் மற்றப் பையன்களும் தெருவில் ஆடியதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அமீரகத்தில் பொது இடத்தில் நிகழ்ச்சி நடத்த அனுமதி வேண்டும். தொப்பியைக் கவிழ்த்து வைத்துக் காசு வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. அதனால் பார்க்கிங், மொட்டை மாடி, பூங்காவின் ஓரம், கடற்கரை நடைபாதை என்று ஆள் குறைந்த இடமாகப் பார்த்துப் பழகினார்கள். இருட்டிய பிறகு அலுவலகக் கட்டடங்களின் முகப்புக் கண்ணாடிதான் இவர்களுக்கு நிலைக்கண்ணாடி. கட்டடத்துக் காவல்கார நாத்தூர் வந்து "யல்லா, போங்க" என்று சொல்லும் வரை ஆடலாம். நாத்தூர் பெரும்பாலும் நம் ஊர்க்காரராகவோ வங்காளியாகவோ இருப்பார். கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் விரட்டுவார்.

தரைதான் துணிக்கு எமன். கல்ஃப் நடைபாதை முழுக்க இன்டர்லாக் கல், அதன் விளிம்பில் முட்டி உரசினால் ஒரே ராத்திரியில் டெனிம் போய்விடும். தேராவில் ஊருக்குச் சாமான் அனுப்புகிற கார்கோ கடைகளில் பெரிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து விரித்துக்கொள்வார்கள். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இந்த ஆட்டம் பிறந்தபோதும் அட்டைதான் மேடை. அங்கே நைலான் டிராக் சூட் போட்டது வழுக்குவதற்கு. முதுகில் சுழல்கிறவனைப் பருத்தித் துணி பிடித்து நிறுத்திவிடும். நம் இடத்தில் அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது. ஆகஸ்ட் ராத்திரியில் பத்து மணிக்கும் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருக்கும். நைலான் வேர்வையில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் வழுக்காது. உள்ளே வேர்வை குடிக்க ஒரு பருத்தி பனியன், மேலே வழுக்க ஒரு நைலான் சட்டை என்று இரண்டடுக்கு போட்டார்கள். அதையே ஒரே சட்டையாகத் தைக்க முடியுமா என்று ஒரு நைஜீரியப் பையன் கேட்டான். முன்பக்கம் பருத்தி, முதுகும் தோளும் வழுக்குத் துணி, முழங்கை வரை அதே துணி. பார்க்க ஒட்டுப்போட்ட சட்டை மாதிரித்தான் இருந்தது. அதற்கப்புறம் அதை ஸ்டைல் என்று சொல்லிப் பலர் கேட்டு வந்தார்கள், ஆடாதவர்களும்.

ஷூ என் வேலை இல்லை, ஆனாலும் அதுவும் என் மேசைக்கு வந்தது. 1968-இல் வந்த பூமா சூயீட், 1969-இல் வந்த அடிடாஸ் சூப்பர்ஸ்டார், இரண்டும் பந்து விளையாட்டுத் தொடர்பில் பெயர் எடுத்து ஆட்டக்காரர்கள் காலுக்கு வந்தவை. அசல் வாங்க ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போகும் என்பதால் பாதிப் பேர் காலில் கராமாக் கடைகளின் போலிச் சரக்கு. லேஸை மட்டும் எங்கள் இஸ்திரிப் பெட்டியில் வைத்துத் தட்டையாக்கி அகலப்படுத்திக்கொண்டு போவார்கள். பழைய நியூயார்க் வழக்கம் அது. இஸ்திரிக்குக் காசு வாங்கியதில்லை.

இப்போது கவராலுக்கு வருகிறேன். சோனாப்பூர், அல் கூஸ் பக்கம் லேபர் கேம்புகளில் இருந்த நம் பையன்களும் ஆடினார்கள். இவர்களுக்கு நியூயார்க் தெரியாது. பிரபுதேவாவும் லாரன்ஸும் தெரியும். அதில் ஒரு கூட்டம் உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிற கம்பெனிப் பையன்கள். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கலந்த கூட்டம். பொங்கலுக்குக் கேம்ப் முற்றத்தில் ஆடப்போகிறோம் என்று ஒரு வியாழன் ராத்திரி வந்தார்கள். கூட்டத்தில் மூத்தவன் பையிலிருந்து ஒரு பழைய கவராலை எடுத்து மேசையில் விரித்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, நடுவில் ஜிப், முதுகில் கம்பெனி பெயர், கையிலும் காலிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை.

"அண்ணே, இதே அளவு, இதே வெட்டு. இதுலதான் கை கால் நல்லா போகுது. ஆனா முதுகுல பேரு வேணாம். பட்டை வேணாம். கலரும் வேற."

"என்ன கலர்?"

"எந்தக் கம்பெனியும் போடாத கலர்."

அப்போது எனக்கு அது விளையாட்டாக இருந்தது. துணி மாதிரிப் புத்தகத்தைப் பிரித்துப் போட்டேன். நீலமா, வேண்டாம், பாதி துபாய் நீலத்தில்தான் வேலை செய்கிறது. பச்சை தோட்டக்காரன். ஆரஞ்சு ரோட்டு வேலை. காக்கி செக்யூரிட்டி. சாம்பல் கலர் கேட்டரிங்காரன் என்றான் ஒருவன். மஞ்சள் என்றேன், கிரேன் கம்பெனி என்றார்கள். சிவப்பு பெட்ரோல் பங்க். வெள்ளையைக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள், அது அரபிகள் போடுவது. பெண்களுக்கென்று ரோஸ் கூரை வைத்த டாக்ஸி வந்திருந்த சமயம், அதனால் ரோஸும் அடிபட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு துணி இருந்தது. ஒருத்தருக்கும் அதில் ஒரு கம்பெனி ஞாபகம் வரவில்லை. "இதான்ணே" என்றான் மூத்தவன்.

கல்ஃபில் உடுப்பு என்பது அடையாள அட்டைக்கு முன்னால் நீட்டுகிற அட்டை. தூரத்தில் வருகிறவனின் நாடு, சம்பளம், எந்த வாசல் வழியாக அவன் உள்ளே போகலாம் என்பதெல்லாம் துணியிலேயே எழுதியிருக்கும். கவரால் போட்டவன் வெள்ளிக்கிழமை மாலுக்குப் போனால் காவலாளியின் பார்வை எப்படி மாறும் என்பது போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கையையும் காலையும் தாராளமாக வீச விடுகிற அந்த வெட்டு பையன்களுக்குப் பிடித்தே இருந்தது. அதன்மேல் எழுதியிருந்ததைத்தான் கழற்றிப் போடப் பார்த்தார்கள். மேல்பாதியை இடுப்பில் கொஞ்சம் பிடித்து, கவட்டையில் உஸ்தாத்தின் மியானியை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பொங்கல் அன்று கேம்புக்குப் போய்ப் பார்த்தேன். சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஆடினார்கள். எஃகு முனை வைத்த அந்த ஷூவில் குதிக்க முடியாது. சிமெண்டு முற்றத்தில், வரிசை வரிசையாக இருந்த அறைகளின் வாசலில் கூட்டம் நின்றது. சுமாராகத்தான் ஆடினார்கள், பொய் சொல்ல மாட்டேன். உடுப்புக்குத்தான் விசில் பறந்தது.

வெள்ளை அரபிகள் போடுவது என்றேன். அவர்களும் ஆடுகிறவர்கள்தான். அமீரகமும் ஓமானும் சேர்ந்து யுனெஸ்கோவில் பதிய, 2014-இல் பட்டியலில் ஏறிய அய்யாலா ஆட்டத்தில் ஆண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, மெல்லிய மூங்கில் பிரம்பை ஏந்தித் தாளத்துக்குத் தலையையும் கையையும் அசைப்பார்கள். அத்தனை பேரும் வெள்ளைக் கண்டூரா அங்கி. ஆடுகிற உடுப்பு என்று அதைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை. அலுவலகத்துக்குப் போட்டதையே போட்டு ஆடலாம், ஏனென்றால் கண்டூரா பிறப்பிலேயே தாராளம். அக்குளுக்குக் கீழிருந்து பக்கவாட்டில் துண்டு வைத்து அகலப்படுத்தித்தான் தைப்போம். நல்ல துணி ஜப்பானிலிருந்து வரும். டிசம்பர் 2 தேசிய தினத்துக்கு முன்னால் துப்பாக்கியைச் சுழற்றி எறிந்து பிடிக்கிற யோலா ஆட்டத்துக்காகச் சின்னப் பையன்கள் அப்பாவோடு வருவார்கள், தோளில் மட்டும் இன்னும் இளக்கம் வேண்டும் என்று. அதே வீட்டு அண்ணன்மார் சிலர் ராத்திரியில் கண்டூராவைக் காரில் கழற்றி மடித்து வைத்துவிட்டு, டிராக் பேண்டோடு கபாயன்களின் அட்டையில் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் அவர்களைப் பார்த்து எந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. நாத்தூருக்கு மட்டும் வண்டி நம்பரைப் பார்த்துத் தெரிந்துவிடும். அன்றைக்கு யாரையும் விரட்ட மாட்டார்.

பெரிய மால்களின் வாசலில் தோளும் முட்டியும் மூடியிருக்கட்டும் என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகைக்கு இந்த ஆட்டக்காரர்கள் பயந்ததே இல்லை. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து டெல்காம்ப்ரே என்ற சிற்றூரில் 2007-இல் இடுப்புக்குக் கீழே பேண்டை இறக்கிப் போட்டால் அபராதம், சிறை என்று சட்டமே போட்டார்கள். அங்கே தொளதொளப்பு என்றால் ரௌடி. எங்களிடம் கவட்டை இறங்கிய பேண்டும் முழங்கை மூடிய டீ ஷர்ட்டும் போட்டவனைக் காவலாளி பார்த்துவிட்டு அடக்கமான பிள்ளை என்று விட்டுவிடுவார். ஆடுகிற பெண்களுக்கும் இதுவே வசதியாகிவிட்டது. முக்காடு போடுகிற ஒரு சூடான் பெண், ஆடும்போது துணி நழுவாமல் இருக்க வேண்டும் என்று கேட்டாள். ஹூடி சட்டையின் தொப்பிக்குள்ளே தலையை இறுக்கிப் பிடிக்கிற பனியன் துணிக் குல்லாயை வைத்து ஒரே உடுப்பாகத் தைத்துக் கொடுத்தோம். ஊசியும் வேண்டாம், பின்னும் வேண்டாம். அந்தக் கடையில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அது.

எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. ஜித்தாவில் தஹ்லியா தெருவில் சிக்னலில் நின்ற கார்களுக்கு முன்னால் ஒரு 14 வயதுப் பையன் மக்கரேனா பாட்டுக்கு ஆடிய வீடியோ பரவி, 2017 ஆகஸ்டில் அவனைப் பிடித்து விசாரித்து விடுவித்தார்கள். கோடு போட்ட டீ ஷர்ட், அரை டிரவுசர், காதில் ஹெட்ஃபோன், காலில் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ரப்பர் செருப்பு. அவன் ஆட்டத்தைவிட அந்தச் செருப்புத்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. பிள்ளைகள் வீட்டில் போடுகிற உடுப்பிலேயே நடுத்தெருவுக்கு வந்துவிட்டான். இரண்டு வருஷம் கழித்து அதே சவுதியில் ரியாத்தில் பெரிய இசை விழா நடத்தி ஆணும் பெண்ணும் ஆடினார்கள்.

கத்திரிப்பூக் கவரால் தைத்துச் சில வருஷம் ஆகியிருக்கும். துபாய் டிசைன் டிஸ்ட்ரிக்டில் சோல் டிஎக்ஸ்பி என்று ஷூவுக்கும் தெரு உடுப்புக்குமான விழா ஒவ்வொரு டிசம்பரும் களைகட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு காரில் இரண்டு பையன்கள் வந்தார்கள். இந்தியப் பிள்ளைகள்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், நடனப் பள்ளியில் பயில்கிறவர்கள். இங்கிலீஷில் பேசினார்கள், நான் தமிழன் என்று தெரிந்ததும் ஒருவன் தமிழுக்கு மாறினான். போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"அங்கிள், இந்த மாதிரி கவரால். ரிஃப்ளெக்டர் டேப் கண்டிப்பா வேணும். பின்னாடி ஏதாவது ஒரு கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி பேர் மாதிரி இருக்கணும், கொஞ்சம் பழசான மாதிரி. ஒரிஜினல் யூஸ் பண்ணது கிடைச்சாகூட வாங்கிக்கறோம்."

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1889-இல் டெட்ராய்ட்டில் ரயில்வே தொழிலாளிக்கு உடுப்புத் தைக்கத் தொடங்கிய கார்ஹார்ட், 1922-இல் டெக்சாஸில் தொடங்கிய டிக்கீஸ் போன்ற வேலை உடுப்புகளைத்தான் 1990-களில் ஹிப்ஹாப்காரர்கள் தங்கள் உடுப்பாக ஆக்கிக்கொண்டார்கள். முரட்டுத் துணி, சீக்கிரம் கிழியாது, விலை குறைவு, பெரிய அளவு கிடைக்கும். ஏழைப் பிள்ளைகளின் நியாயமான தேர்வு அது. அந்தப் படம் பத்து நாடு சுற்றி ஸ்டைலாகி சத்வாவுக்கு வந்து சேர்ந்திருந்தது, கவரால்காரர்கள் லட்சக்கணக்கில் இருக்கிற ஊருக்கு. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப மரியாதையான பிள்ளைகள். ஆனால் ஒருவன் காசு கொடுத்து முதுகிலிருந்து எடுக்கச் சொன்னதை இன்னொருவன் காசு கொடுத்து முதுகில் ஒட்டச் சொல்கிறான் என்று உஸ்தாத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. "ரெண்டு மடங்கு சொல்லு" என்றார். சொன்னேன். பேரம் பேசாமல் சம்மதித்தார்கள். தேராவில் சேஃப்டி சாமான் கடையில் பட்டை வாங்கி, முதுகில் இல்லாத ஒரு கம்பெனியின் பெயரை எம்ப்ராய்டரி போட்டு, இரண்டு தடவை துவைத்து வெயிலில் காயவைத்துக் கொடுத்தோம். தாங்கள் ஆடிய வீடியோவைப் பின்னால் அனுப்பினார்கள். உண்மையிலேயே நன்றாகத்தான் ஆடினார்கள், கேம்ப் பையன்களைவிடப் பல மடங்கு.

அதற்குப் பிறகு எங்களிடம் வர வேண்டிய தேவையே குறைந்துபோனது. ஓவர்சைஸ் என்று ரெடிமேடிலேயே எல்லாக் கடையிலும் வந்துவிட்டது, கவட்டையில் துண்டு வைத்த பேண்ட்கூட. 2020-இல் கடை மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தபோது நான் கணக்கை முடித்துக்கொண்டு பரமக்குடிக்கு வந்துவிட்டேன். உஸ்தாத் இன்னும் சத்வாவில்தான். வாட்ஸப்பில் குரல் அனுப்புவார்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாக பிரேக்கிங்கைச் சேர்த்தபோது எனக்கு முன்னால் அவர்தான் பார்த்தார். காரணம், மனிஜா தலாஷ். காபூலில் பிறந்து, ஆட்டத்துக்காக மிரட்டல் வாங்கி, ஊரைவிட்டு ஸ்பெயினுக்குப் போய் அகதிகள் அணியில் இடம் பிடித்த பெண். ஆகஸ்ட் 9 அன்று தகுதிச் சுற்றில் நெதர்லாந்தின் இந்தியா சர்ஜோவுக்கு எதிராக ஆடும்போது நீலத் துணியை இறக்கைபோல விரித்தாள். ஆப்கன் பெண்களை விடுதலை செய்யுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. உடுப்பில் அரசியல் வாசகம் காட்டினாள் என்று நடன விளையாட்டுச் சம்மேளனம் அவளைத் தகுதிநீக்கம் செய்தது.

உஸ்தாத்திடமிருந்து நீளமான குரல் பதிவு வந்தது. பெண் பிள்ளை உலகம் பார்க்க ஆடலாமா என்பதில் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது, அதை அவர் அன்றைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பேச்சில் முக்கால்வாசி அந்தத் துணியைப் பற்றி. தரையில் உருளுகிற ஆட்டத்தில் அவ்வளவு துணியை எங்கே மடித்து வைத்தாள், எப்படி அது காலில் சிக்கவில்லை, ஆட்டத்துக்கு நடுவில் ஒரே இழுப்பில் எப்படி விரிந்தது, தோளில் பொத்தானா ஒட்டுப்பட்டையா? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் தனக்குப் பிடிபடவில்லை என்றார். எனக்கென்னவோ முழங்கை வரை சட்டையோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள் என்று தோன்றியது, அப்படியே சொன்னேன். "இல்லை, அப்படித் தைத்தால் கையை ஊன்றும்போது இழுக்கும், அங்கே ஒரு மியானி வேணும்" என்று பதில் வந்தது.